விக்னேஷ்வரன் முதலில் உறையைத்தான் வாங்கினான்

1

“கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன். பேனாவ எடுத்துட்டு வந்த, அடுப்புல போட்டுருவேன்!”

“யம்மா, மெதுவாப் பேசு. எதிர்த்த வீட்டு அத்தைக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே! கேக்கத்தான அவிய ஜன்னலத் தொறந்து வச்சிருக்காவ!”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். எதிர்த்த வீட்டு அத்தை நான். தாளிக்கிற நெடி வெளியே போவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன் என்று முதல் பிரதியில் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

கத்தியது ஈஸ்வரி. சத்துணவு அமைப்பாளர். கணவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. கெஞ்சியது அவள் மகன் விக்னேஷ்வரன். இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியை மதுரையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் விற்கிற வேலை. மாதிரித் துணி அடைத்த பையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா.

அப்படிப்பட்டவன் ஒரு ஜெர்மன் காரை வாங்க ஆசைப்பட்டான். புதிது இல்லை, ரெண்டு கை மாறி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த கார். பைனான்ஸ்காரர்கள் கடன் தரத் தயார். ஐந்து வருடத் தவணை. ஆனால் அவன் சம்பளத்தை மட்டும் நம்ப மாட்டார்களாம், அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தக் கையெழுத்துக்குத்தான் அடுப்பு வரைக்கும் பேச்சு போனது.

(காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று இல்லை. ஈஸ்வரி அதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி உச்சரித்ததில் எனக்கும் குழம்பிவிட்டது.)

2

எப்படித் தொடங்குவது என்பதில் எனக்கு ரொம்பத் திண்டாட்டம்.

“இன்றைய இளைஞர்கள் தகுதிக்கு மீறிய ஆடம்பரத்தில் மூழ்கி…” என்று ஒரு பிரதி இருந்தது. நாலு வரி எழுதுவதற்குள் நானே ஒரு பைனான்ஸ் கம்பெனி போர்டு மாதிரி ஆகிவிட்டேன். கிழித்தேன்.

“கரு நீல நிறத்தில், அந்தி வானத்தை உருக்கி ஊற்றினாற்போல் நின்ற அந்தக் கார்…” இது இன்னொரு பிரதி. அந்தி வானத்துக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாததால் இதுவும்.

சரியான தொடக்கம் சத்தத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தறிக் கூடம். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள், வரிசையாக. கடக் கடக் கடக் கடக். விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும். எங்கள் தெருவில் யாருமே மெதுவாகப் பேசிப் பழகவில்லை. சண்டையும் கத்தித்தான், சமாதானமும் கத்தித்தான். பிரசவ வலியையும் மாமியார் குறையையும் ஒரே உயரத்தில்தான் சொல்லியாக வேண்டும். எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் தறி. என் காது இல்லை. இதை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை.

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் விக்னேஷ்வரன். ஒரு மழை நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டுவிட்டு, ஹபீப் ரகுமானின் கார் கன்சல்டிங் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினான். பழைய கார்களை வாங்கி விற்கிற இடம்.

“நனையிதியளே தம்பி, அந்த வண்டிக்குள்ள உக்காருங்க. உக்காருறதுக்குக் காசா, பணமா?”

உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். தொப்.

அவ்வளவுதான். மழை நின்றுவிட்டது போலிருந்தது. நிற்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. லாரி போனது, சத்தமில்லை. ஹபீப் வாயைத் திறந்து யாரையோ ஏசினார், சத்தமில்லை. விக்னேஷ்வரன் முதல் தடவையாகத் தன் மூச்சைக் கேட்டான். அது கொஞ்சம் வேகமாக இருந்தது. அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து ஹபீப் கண்ணாடியைத் தட்டுகிற வரைக்கும் அப்படியே இருந்தான்.

பவுசுக்காகக் கார் வாங்க நினைத்தான் என்று தெருவில் சொன்னார்கள். நானும் சொன்னேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அவன் விலை பேசியது காரை இல்லை. கதவுக்குள் இருந்த அந்த…

(இந்த வாக்கியத்தை முடித்தால் அழகாகிவிடும். வேண்டாம்.)

3

ஹபீப் ரகுமான் எனக்குப் பெரிய தொந்தரவு.

பழைய கார் விற்பவர் என்றால் வாசகர்களாகிய நீங்கள் ஒரு களவாணியை எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். மீட்டரைத் திருப்பி வைக்கிறார், இன்ஜினுக்குப் பாலீஷ் போடுகிறார், நைசாகச் சிரிக்கிறார். எழுதி முடித்து வாசித்தால் அது ஹபீப் இல்லை. நிஜ ஹபீப் விக்னேஷ்வரனிடம் சொன்னது இது:

“மீட்டரு நெசம் தம்பி. அம்புட்டும் ஓடுன ஓட்டம். டிக்கி அப்பப்ப மக்கர் பண்ணும். டயர் நாலும் மாத்தணும். ஒரு டயர் விலைக்கு எங்க வீட்டுல ஒரு பெருநாளே முடிஞ்சிரும். வாங்குறதுக்குப் பைனான்ஸ்காரன் குடுப்பான். வச்சுக்கிடுறதுக்கு எவன் குடுப்பான்?”

“பொறவு ஏன் பாய் விக்கிய?”

“நான் விக்கலேன்னா என்னைய யாரு வச்சுக்கிடுவா?”

உண்மையைச் சொல்லியே ஆசையை வளர்த்துவிட்டார் மனுசர். பொய் சொல்லியிருந்தால் பையன் சந்தேகப்பட்டுத் தப்பித்திருப்பான்.

அன்றைக்கே விக்னேஷ்வரன் கார் வாங்கவில்லை. கார் உறையை வாங்கினான்.*

* பெரிய காருக்கான உறை. செல்போனில் தள்ளுபடியில் வந்தது. பார்சலைப் பிரித்த ஈஸ்வரி, “ஏலே, யாரு வீட்டுக்குப் பந்தல் போடப் போற?” என்று கேட்டாள். மறுநாளே அது மொட்டை மாடியில் விரிந்தது. அதன் மேல் மிளகாய் வற்றல் காய்ந்தது.

4

இனிமேல்தான் கதை. மம்சாபுரத்தில் ஒரு பெண். மாரிக்கனி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. அப்பா ஆண்டிச்சாமி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்க்கிறவர். அம்மா வெள்ளத்தாய். ஜாதகம் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பதற்காக ஹபீப் காரைக் கொடுத்திருந்தார். ஜாமீன் போட மாட்டேன் என்று அடுப்பைக் காட்டிய ஈஸ்வரி, வெள்ளத்தாயிடம் போனில் சொன்னாள்: “பஸ்ஸுக்கெல்லாம் பாக்க வேண்டாம் மதினி. எங்க வண்டியிலயே வந்துருதோம்.”

எங்க வண்டி. ரெண்டே வார்த்தை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் முகத்தில் பொய் சொன்ன களை ஒன்றுமில்லை. ஒரு பவுன் மாலையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறவள் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

விக்னேஷ்வரன் ஓட்ட, முன்னால் ஈஸ்வரி, பின்னால் நான் என்று புறப்பட்டோம். பூ, பழம், தேங்காய், பால்கோவா எல்லாம் தட்டுகளில் வைத்து டிக்கியில். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கார் அடிவயிற்றைத் தேய்க்க, விக்னேஷ்வரன் தன் வயிற்றை எக்கினான்.

மம்சாபுரத்தில் வீட்டு வாசலில் ஆரத்தியோடு நின்றார்கள். எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. பூவும் பழமும் முதலில் வாசப்படி ஏற வேண்டும், ஆள் பிறகுதான். தட்டில்லாமல் உள்ளே போனால் பெண் கேட்டு வந்தது மாதிரி ஆகாது, கடன் கேட்டு வந்தது மாதிரி ஆகிவிடும்.

டிக்கி திறக்கவில்லை.

சாவியை அமுக்கினான். பின்னால் அமுக்கினான். தட்டினான். லேசாக உதைத்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தெருவில் கூட்டம் சேர்ந்தது. “சொந்த வண்டின்னாவ, டிக்கி தொறக்கத் தெரியலயே?” என்று யாரோ ஒரு பெண் என் காதருகில் கேட்டாள். நான் ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேறு வழியில்லாமல் விக்னேஷ்வரன் ஹபீப்புக்குப் போன் போட்டான். வரும்போது பாட்டுக் கேட்பதற்காகப் போனைக் காரோடு இணைத்திருந்தான். அது அவனுக்கு நினைவில்லை. நாலு கதவும் திறந்து கிடந்தன.

“சொல்லுங்க தம்பி!” என்றது கார். மம்சாபுரமே திரும்பிப் பார்த்தது. “பொண்ணு பிடிச்சிருக்கா?”

“பாய், டிக்கி…”

“சொன்னேன்ல, அப்பப்ப மக்கர் பண்ணும்னு! பின் சீட்ட மடிச்சுட்டு உள்ள புகுந்து எடுங்க. ஒண்ணும் அவசரமில்ல. ஆனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள வண்டி நம்ம கடையில நிக்கணும். திருநெல்வேலிப் பார்ட்டி பாக்க வருது. வாரப்ப டீசல் போட்டுருங்க, என்ன?”

விக்னேஷ்வரன் ஓடிப்போய் எதையோ அமுக்கினான். சத்தம் கூடியது. “என்ன தம்பி?” என்று கார் தெருக்கோடி வரை கேட்டது. ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் அருமையான ஸ்பீக்கர். ஹபீப் எச்சில் விழுங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

ஆண்டிச்சாமி மீசையைத் தடவினார்.

“திருநெல்வேலிப் பார்ட்டி எதைப் பாக்க வருது? வண்டியவா, மாப்பிள்ளையவா?”

தெரு சிரித்தது. ஈஸ்வரி சிரிக்கவில்லை.

5

பட்டுச் சட்டையோடு விக்னேஷ்வரன் மற்ற மூன்று கதவுகளையும் சாத்திவிட்டு, பின் சீட்டை மடித்து, தவழ்ந்து, டிக்கிக்குள் போனான். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக நீட்டினான். வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. வீட்டுக்குள் அலங்காரத்தோடு காத்திருக்க வேண்டிய மாரிக்கனி, பொறுக்க மாட்டாமல் வெளியே வந்து, காருக்குள் ஏறி, மடிக்காத பாதி சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் கதவருகில் நின்று அவளிடமிருந்து வாங்கினேன். ஆகவே இந்தப் பேச்சுக்கு நான் சாட்சி.

“இது என் வண்டி இல்லைங்க” என்றது டிக்கி.

“அதான் ஊருக்கே கேட்டுச்சே. வாழப்பழத்த நசுக்கிராம குடுங்க.”

“சொல்லிரணும்னுதான் இருந்தேன்.”

“எப்ப? கல்யாணத்துக்குப் பொறவா?” கொஞ்சம் நிறுத்தி, “வாங்கப் போறியளா?”

“ஆசையா இருக்கு.”

“எதுக்கு?”

“கதவச் சாத்துனா ஒண்ணுமே கேக்காது.”

மாரிக்கனி என்னைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். என் கையில் தேங்காயைக் கொடுத்துவிட்டு, எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். தொப்.

[இங்கேதான் இந்தக் கதையின் மிகப் பெரிய குறை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காதுக்கு எட்டாத ஒரு பேச்சு நடந்தது. கண்ணாடி வழியாக ஊரே பார்த்தது. ஒரு சொல் கேட்கவில்லை. அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்பது போல் இருந்தாள். பிறகு உதடு அசைந்தது. “ஆமா, நல்லாத்தான் இருக்கு” என்று நான் எழுதிக்கொண்டேன். “ஆளப் பாரு” என்றும் இருக்கலாம்.]

கதவு திறந்தபோது அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது:

“வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். வார சனிக்கிழம அம்மாவும் நானும் திருவண்ணாமலைக்குப் போறோம், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்க பெருமாள் கோயிலுக்கு. அங்க வந்து அம்மாட்ட நீங்களே உள்ளத சொல்லுங்க. ஸ்பீக்கர் சொல்லப்படாது.”

தட்டுகள் வாசப்படி ஏறின. காப்பி குடித்தோம். பால்கோவா உருகியிருந்தது. “பொறவு சொல்லியனுப்புதோம்” என்றார் ஆண்டிச்சாமி. இந்த வாக்கியத்தின் அர்த்தம் பெண் பார்க்கப் போன எல்லாருக்கும் தெரியும்.

6

மறுநாள் சண்டை. அதே வீடு, அதே ரெண்டு பேர். வசனம் மட்டும் கை மாறியிருந்தது.

“கையெழுத்துப் போடுதேங்கேன், எங்கலே பேனா?”

“வேண்டாம்மா. யோசிக்கணும்.”

“என்னத்த யோசிக்க? அந்தத் தெருவே பல்லைக் காட்டுச்சே, கேட்டியா? எங்க வண்டின்னு நான் சொன்ன வாய் இது. வாங்கிக் கொண்டு போயி அந்த வாசல்லயே நிறுத்து. ஒவ்வொருத்தியும் வந்து டிக்கியத் தொறந்து பாக்கட்டும்!”

“அம்மா, பாதிச் சம்பளம் தவணைக்கே போயிரும். டயரு வேற.”

“என் சம்பளம் எதுக்கு இருக்கு?”

நான் ஜன்னலிலிருந்து நகர்ந்துவிட்டேன். கேட்கக் கூடாது என்று இல்லை. அவள் குரல் உடைந்திருந்தது. சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள், ஒரே ஒரு தடவை ஒரு பெரிய காரின் முன் சீட்டில் உட்கார்ந்து இறங்கினாள். இறங்குவதற்குள் ஊர் சிரித்துவிட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது கார் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருத்தி எழுத வேண்டும். எழுதுகிறவளுக்கு அது புரியாதா?

திருநெல்வேலிக்காரர்கள் விலை பேசிவிட்டுப் போயிருந்தார்கள். “தம்பிக்காக வெள்ளிக்கிழம வரைக்கும் நிறுத்தி வைக்கேன். பொறவு என்னையக் குறை சொல்லப்படாது” என்றார் ஹபீப்.

விக்னேஷ்வரனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வாங்கினால், அம்மாவின் வார்த்தை மெய்யாகும். ஐந்து வருடம் ரெண்டு சம்பளமும் அதன் சக்கரத்துக்குக் கீழே. பெண்ணைக் கட்டத்தான் கடன் வாங்கினான் என்று மாரிக்கனி நினைத்தால்? வாங்காவிட்டால், “அது இரவல் வண்டி, நாங்கள் பஸ்ஸில் போகிறவர்கள்” என்று வெள்ளத்தாயின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். கூடவே, அந்தத் தொப் சத்தத்துக்குப் பிறகு தறிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கவும் வேண்டும்.

7

சனிக்கிழமை அவன் திருவண்ணாமலைக்குப் போனான். அதுவரை எனக்கு உறுதியாகத் தெரியும். எதில் போனான்?

முடிவு, முதல் மாதிரி: காரில் போகிறான். மாலை போட்டிருக்கிறது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். வெள்ளத்தாய் காரைச் சுற்றி வருகிறாள், சாமியைச் சுற்றுகிற மாதிரி. மாரிக்கனி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் எழுதிக்கொண்டே போனால் அடுத்த மழைக்காலம் வருகிறது, காருக்குள் இன்ஜின் கோளாறு என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, அந்த விளக்கை அணைக்கிற செலவுக்காக ஈஸ்வரி தன் தங்க வளையலைக் கழற்றி…

இல்லை. அவள் வளையலை நான் கழற்ற மாட்டேன்.

முடிவு, ரெண்டாவது மாதிரி: பஸ்ஸில் போகிறான். கசங்கிய சட்டை. “வாங்கலைங்க, வாங்க முடியல” என்கிறான். வெள்ளத்தாய் தூக்குவாளியிலிருந்து புளியோதரையை எடுத்து நீட்டுகிறாள். புத்திசாலித்தனமான முடிவு. பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அதோடு, ஆசைப்பட்ட ஒரே பொருளை விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு வாய் புளியோதரை போதும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. புளியோதரை என்ன, அக்காரவடிசிலே ஆனாலும்.

மூன்றாவது மாதிரி: கடைசி நேரத்தில் ஹபீப்பே மனசு இரங்கி… சீ. அவருக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?

கடைசியில், ரொம்ப நாள் கழித்து, மாரிக்கனியிடமே கேட்டுவிட்டேன். “அன்னைக்கு மலையடிவாரத்துக்கு அவன் எதுலட்டி வந்தான்?”

“அவிய வந்தாவ அத்தை” என்றாள்.

“அதான், எதுல?”

“வந்து எங்கம்மாட்ட உள்ளதச் சொன்னாவ. எங்கம்மா டிக்கியிலருந்து தேங்கா வந்தத நெனச்சு, கோயில் படியில உக்காந்து சிரிச்சா. அம்புட்டுத்தான்.”

உள்ளது என்றால் எது? வாங்கிவிட்டேன் என்பதா, வாங்கவில்லை என்பதா? அவள் காய் நறுக்குவதில் மும்முரமாகிவிட்டாள். நல்ல மருமகள். எனக்குத்தான் உதவாதவள்.

8

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் கற்பனை இல்லை.

தை மாதம் விக்னேஷ்வரனுக்கும் மாரிக்கனிக்கும் கல்யாணம். மண்டபத்துக்கு வந்த காரை மல்லிகையும் ரோஜாவுமாக மூடியிருந்ததால் சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. டிரைவரைத் தவிர, ஊரே அது யார் கார் என்று பேசியது. ஹபீப் ரகுமான் பந்தியில் ரெண்டு தடவை பாயசம் வாங்கினார். கேட்டதற்கு, “வித்த வண்டியப் பத்திப் பேசுறதில்ல” என்றார். யாருக்கு விற்ற வண்டி என்று கேட்பதற்குள் கை கழுவப் போய்விட்டார். அடுத்த மாதமே கடையைத் தென்காசிக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்.

தறிக் கூடமும் போய்விட்டது, செட்டியார்பட்டிப் பக்கம். ஒரு காலையில் எழுந்தால் கடக் கடக் இல்லை. நாங்கள் எல்லாரும் பழக்க தோஷத்தில் கொஞ்ச நாள் கத்திக்கொண்டே இருந்தோம். பிறகு ஒவ்வொரு வீடாகக் குரல் தணிந்தது. எனக்கு அது கஷ்டகாலம்.

ஈஸ்வரி வீட்டு மாடியில் இப்போது மிளகாய் பழைய சேலையில் காய்கிறது. உறை கீழே வந்துவிட்டது. வாசலில், அதற்குள் ஏதோ ஒன்று நிற்கிறது. பெரிய உறைக்குள் பெரிய காரும் நிற்கலாம். தொளதொளவென்று ஒரு சின்னக் காரும் நிற்கலாம். “என்ன வண்டி ஈஸ்வரி?” என்றால், “ஓடுற வண்டி” என்கிறாள். அவன் எடுப்பதும் விடுவதும் நான் அடுப்படி வேலையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான். அந்த உறையின் நுனியைத் தூக்கிப் பார்க்க எனக்கு எத்தனையோ மதியங்கள் வாய்த்தன. தூக்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு புருசனும் பெண்டாட்டியும் வெளியே வருகிறார்கள். உறையின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எங்கும் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

“தறிதான் போயிருச்சே, இன்னும் எந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு உள்ள போறாவ?” என்று ஈஸ்வரியிடம் கேட்டேன்.

“வெளிச் சத்தம் உள்ள கேக்காம இருக்கதுக்கு இல்ல மதினி” என்று என் ஜன்னலைப் பார்த்தாள். “உள்சத்தம் வெளிய கேக்காம இருக்கதுக்கு.”

போகட்டும். எனக்கு ஒரே ஒரு சத்தம் போதும். அந்தக் கதவு சாத்துகிற சத்தம். தொப் என்றால் ஜெர்மன் கார். டங் என்றால் சின்னக் கார். கதை முடிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். உறையின் ஓரம் தூக்கியது, மாரிக்கனி நுழைந்தாள், அவன் நுழைந்தான், கதவு இழுபட்டது, சரியாக அந்த நொடி என் குக்கர் விசிலடித்தது.

இந்த வாரம் அடுப்பை அணைத்துவிட்டேன். நீங்களும் இப்படி ஜன்னலுக்கு வாருங்கள். என் காதை நான் பொத்திக்கொள்கிறேன். உங்களுக்கு எது கேட்கிறதோ அதுவே இருக்கட்டும். உஷ். உறையைத் தூக்குகிறார்கள்.